நாடும் நாடும் போட்டி போடறதுன்னா என்ன? முந்திரிக்கொட்டையை வச்சு ஒரு விளக்கம்

கடலூர்ல வண்டி வச்சிருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வாங்க, பெட்ரோல் போடணும்னா ஆல்பேட்டை தாண்டி பாலத்துல ஏறி நேரா முள்ளோடைக்குப் போயிடுன்னு. அங்க பாண்டிச்சேரி எல்லை ஆரம்பிச்ச உடனே பங்க்கா வரும். லிட்டருக்கு சில ரூபா கம்மி. அதுக்காக டேங்க்ல கால்வாசி இருக்கும்போதே கெளம்பிப் போற ஆளுங்க இருக்காங்க, போயிட்டு வர்ற பெட்ரோல் செலவைக் கணக்கு போட்டா மிச்சம் என்னன்னு யாரும் பார்க்கிறதில்ல, அது வேற கதை.

எங்க அக்கா பையன் குரூப் 2க்கு படிச்சிட்டிருக்கான். போன வாரம் அவனை வண்டியில பின்னாடி உக்கார வச்சு அந்தப் பக்கம் போறேன், பங்க் க்யூவுல நிக்கும்போது கேக்கிறான், "மாமா, உலக அளவுல நாட்டோட போட்டித்திறனை ஒரு தலைவர் எப்படி காப்பாத்தணும்னு ஒரு கேள்வி பார்த்தேன், இதே மாதிரி வரியைக் குறைச்சா போதுமா?" நான் பண்ருட்டி பக்கம் ஒரு முந்திரி குடோன்ல கணக்கு எழுதுற ஆளு, பொருளாதாரம் காலேஜ்ல படிச்சதில்ல, ஆனா டாலர் ஏறினா இறங்கினா எங்க முதலாளி மூஞ்சி எப்படி மாறும்னு பதினஞ்சு வருஷமா பார்த்திருக்கேன். அதனால எனக்குத் தெரிஞ்ச வழியில அவனுக்குச் சொன்னதைத்தான் இங்க எழுதறேன்.

மொதல்ல முள்ளோடை விஷயத்தையே எடுத்துக்குவோம். பாண்டில வரி கம்மி, அதனால நம்ம ஊரு ஆளு அங்க போறான். இதுவும் போட்டிதான். ஆனா பாண்டி பங்க்ல இருக்கிற பெட்ரோல் நம்ம பெட்ரோலை விட நல்ல பெட்ரோலா? இல்ல. அங்க பெட்ரோல் போடற தம்பி நம்ம பங்க் தம்பியை விட திறமைசாலியா? அதுவும் இல்ல. வரி வித்தியாசம் மட்டும்தான். நாளைக்கு ரெண்டு பக்கமும் ஒரே வரின்னு ஆயிட்டா அந்தக் கூட்டம் மறுநாளே இருக்காது. தொழிற்சாலைங்களுக்கும் இதே கதை நடந்திருக்கு, வரிச் சலுகை இத்தனை வருஷம்னு சொன்னதைப் பார்த்து பாண்டிக்கு வந்த கம்பெனிகள்ல சிலது சலுகை முடிஞ்சதும் ஷட்டரை இறக்கிட்டு வேற சலுகை இருக்கிற ஊரைப் பார்த்துப் போயிடுச்சுங்க. விலையைக் குறைச்சு இழுக்கிற கூட்டம் விலைக்காகவே போயிடும், இதை ஒரு ஓரமா வச்சுக்கங்க, திரும்ப வருவேன்.

அடுத்தது, நாடும் நாடும் போட்டி போடறதுன்னு சொன்ன உடனே நம்ம மனசுல கிரிக்கெட் மேட்ச் மாதிரி ஒரு படம் வரும், ஒருத்தன் ஜெயிச்சா ஒருத்தன் தோப்பான். இதுதான் பெரிய தப்பு. பால் க்ரூக்மன்னு ஒரு அமெரிக்க பொருளாதார நிபுணர் (2008ல நோபல் வாங்கினவர்) 1994லயே இதை வச்சு சண்டையே போட்டார், நாடு என்ன கம்பெனியா, கம்பெனி தோத்தா மூடிட்டுப் போயிடலாம், நாடு எங்க போகும்னு. வியட்நாம்காரன் பணக்காரன் ஆனா நம்ம முந்திரியையும் மருந்தையும் வாங்கறதுக்கு அவன் கையில காசு இருக்கும். ரெண்டு பேருமே வளரலாம்.

இதை இருநூறு வருஷத்துக்கு முன்னாடியே, 1817ல, டேவிட் ரிக்கார்டோன்னு ஒரு இங்கிலாந்து பொருளாதார நிபுணர் கணக்கு போட்டுக் காட்டினார். அவர் இங்கிலாந்து துணி, போர்ச்சுகல் ஒயின்னு சொன்னார். நமக்கு ஒயின் எதுக்கு, எங்க அத்தை வீட்டு வாசல் போதும்.

எங்க அத்தை பண்ருட்டிக்கு அந்தாண்ட ஒரு கிராமத்துல முப்பது வருஷமா கொட்டை உடைக்கிறாங்க. அவிச்ச முந்திரிக்கொட்டையை கால் மிதி மெஷின்ல வச்சு ஒரு தட்டு, ஒரு நெம்பு, பருப்பு முழுசா வெளிய வந்துடும். அந்த ஓட்டுல ஒரு எண்ணெய் இருக்கு, கையில பட்டா தோலு கறுத்து உரிஞ்சிடும், அதுக்காக கையில சாம்பலையோ விளக்கெண்ணெயையோ தடவிக்கிட்டுதான் உக்காருவாங்க. உடைச்ச பருப்பைக் காய வச்சு மேல இருக்கிற செவப்புத் தோலை உரிக்கிறது தனி வேலை. இப்ப கணக்குக்கு ஒண்ணு வச்சுக்குவோம். அத்தை ஒரு நாள் முழுக்க உடைச்சா 12 கிலோ, இல்ல முழுக்க உரிச்சா 6 கிலோ. புதுசா வந்த மருமக முழுக்க உடைச்சா 4 கிலோ, முழுக்க உரிச்சா 5 கிலோ. ரெண்டு வேலையிலயும் அத்தைதான் கெட்டி. அப்ப மருமகளை வீட்டுக்கு அனுப்பிடலாமா? ரெண்டு பேரும் பாதி நாள் இது பாதி நாள் அதுன்னு செஞ்சா மொத்தம் 8 கிலோ உடைச்சிருக்கும், 5.5 கிலோ உரிச்சிருக்கும். அதுக்கு பதிலா மருமக முழு நாளும் உரிக்கட்டும், அத்தை 10 கிலோ உடைச்சிட்டு மிச்ச நேரத்துல ஒரு கிலோ உரிக்கட்டும். இப்ப 10 கிலோ உடைச்சாச்சு, 6 கிலோ உரிச்சாச்சு. ஆள் அதே, நேரம் அதே, ரெண்டுமே கூடிப்போச்சு. எல்லாத்துலயும் பின்தங்கின ஆளுக்கும் கூட ஒரு இடம் இருக்கு, எதுல கம்மியா பின்தங்கியிருக்காளோ அது. இதைத்தான் ஒப்பீட்டு நன்மைன்னு புஸ்தகத்துல போடறாங்க. பையன் இதை ரெண்டு தடவை கேட்டான், நீங்களும் ஒரு தடவை பேப்பர்ல போட்டுப் பாருங்க.

சரி, அப்படின்னா போட்டித்திறன்னு ஒண்ணு இல்லவே இல்லையா? இருக்கு. நம்ம மக்களோட கூலி வருஷா வருஷம் ஏறணும், அப்படி ஏறியும் நம்ம பொருள் வெளியூர்ல விக்கணும். இந்த ரெண்டும் சேர்ந்து நடக்கணும், அதுதான் விஷயம். கூலியைக் குறைச்சு வித்தா யாரும் விப்பான், அது முள்ளோடை பங்க் வழி. கூலி ஏறியும் விக்கணும்னா ஒரே வழிதான், ஒரு ஆளு ஒரு நாள்ல செய்யற வேலையோட மதிப்பு ஏறணும். உற்பத்தித்திறன்னு சொல்றது இதைத்தான். ஒரு தலைவர் மேடையில என்ன பேசினாலும் கடைசியில இந்த ஒரு நம்பரை ஏத்தினாரா இல்லையான்னுதான் நான் பார்ப்பேன்.

இப்ப முந்திரியில நமக்கும் வியட்நாமுக்கும் என்ன நடந்துச்சுன்னு பார்க்கலாம். முந்திரி நம்ம ஊரு மரமே இல்ல, பிரேசில்ல இருந்து போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டுல கொண்டு வந்தது. ஆனா அதை உடைச்சு உலகத்துக்கு விக்கிறதுல ரொம்ப காலம் இந்தியாதான் ராஜா. கொல்லம், பண்ருட்டி, மங்களூர் பக்கம்லாம் ஆயிரக்கணக்கான பொம்பளைங்க கையாலயே உடைச்சு கப்பல் ஏத்தினாங்க. நம்ம நாட்டுல காய்க்கிற கொட்டை பத்தாது, அதனால ஐவரி கோஸ்ட், தான்சானியா மாதிரி ஆப்பிரிக்க நாடுங்கள்ல இருந்து மூட்டை மூட்டையா தூத்துக்குடி துறைமுகத்துக்கு வரும். அப்புறம் 2006 வாக்குல வியட்நாம் நம்மளை முந்திடுச்சு. இன்னைக்கு பருப்பு ஏற்றுமதியில அவங்கதான் நம்பர் ஒன். இதுல வேடிக்கை என்னன்னா அவங்களும் ஆப்பிரிக்கா, கம்போடியாவுல இருந்துதான் கொட்டை வாங்கறாங்க. நம்மளை விட மண்ணு உசத்தின்னு கிடையாது. கம்போடியா அவங்களுக்குப் பக்கம்தான், ஆனா ஆப்பிரிக்கால இருந்து அவங்க ஊருக்கு நம்மளைத் தாண்டித்தான் போகணும்!

அவங்க என்ன பண்ணாங்க? கூலி ஏறப்போகுதுன்னு தெரிஞ்ச உடனே உடைக்கிற மெஷின், தோல் உரிக்கிற மெஷின், கலர் பார்த்துப் பிரிக்கிற மெஷின்லாம் அவங்க ஊருலயே செய்ய ஆரம்பிச்சாங்க. ஒரு ஆளு பல பேரு வேலையைப் பார்க்க முடிஞ்சுது. நாம கை வேலையில முழுப் பருப்பு அதிகமா வரும், டபிள்யூ 320 நல்லா வரும்னு சொல்லிக்கிட்டே இருந்தோம் (டபிள்யூ 320ன்னா ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய 320 பருப்பு நிக்கும், அந்த சைஸ்), அது உண்மைதான், ஆரம்பத்துல மெஷின்ல நிறைய உடைஞ்சுது, ஆனா மெஷின் வருஷா வருஷம் திருந்தும்ல.

மெஷின் மட்டும் காரணம்னு சொல்லிட முடியாது. அதுக்குப் பின்னாடி அரசாங்கம் எடுத்த முடிவுங்க இருக்கு. 1986ல டோய் மோய்னு பேரு வச்சு வியட்நாம் கம்யூனிஸ்ட் கட்சியே தன்னோட கொள்கையைத் திருப்பிப் போட்டுச்சு, விவசாயி தன் விளைச்சலை விக்கலாம், வெளிநாட்டுக் கம்பெனி வரலாம்னு. 2001ல அமெரிக்காவோட வர்த்தக ஒப்பந்தம், 2007 ஜனவரில உலக வர்த்தக அமைப்புல சேர்ந்தாங்க, 2020ல ஐரோப்பாவோட ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்துச்சு. ஒவ்வொண்ணா கதவைத் திறந்துக்கிட்டே போனாங்க. நாம அதே நேரத்துல என்ன செஞ்சோம்னா, 2016 பட்ஜெட்ல வெளிய இருந்து வர்ற பச்சைக் கொட்டை மேல 5 சதவீதம் வரி போட்டோம், 2018ல அதைப் பாதியா, 2.5 ஆக்கினோம். வரி போட்டதுக்கு அவங்கவங்க காரணம் இருக்கும், உள்ளூர் விவசாயிக்கு விலை கிடைக்கணும்னு சொல்வாங்க, அதுல நியாயமும் உண்டு. ஆனா கொட்டையை வாங்கி உடைச்சு வெளிய விக்கிறவனுக்கு அது கச்சாப் பொருள். கச்சாப் பொருள் மேல நாமளே வரி போட்டா அது நம்ம ஏற்றுமதி மேல நாமளே போட்டுக்கிற வரி. வெளிநாட்டு சாமானுக்கு வரி போட்டா வெளிநாட்டுக்காரன் கட்டுவான்னு நிறைய பேரு நினைச்சிட்டிருக்காங்க, தூத்துக்குடியில பில்லு போட்டு காசு கட்டறது எங்க முதலாளிதாங்க, நான்தான் அந்த கணக்கை எழுதறேன்.

நியாயமா இன்னொண்ணும் சொல்லணும். நாம ஏற்றுமதியில கீழ வந்ததுக்கு இன்னொரு பக்கம், நம்ம ஜனங்களே நிறைய முந்திரி சாப்பிட ஆரம்பிச்சிட்டாங்க, உலகத்துலயே பெரிய முந்திரி மார்க்கெட்டுங்கள்ல நம்மளதும் ஒண்ணு. பாயசத்துல நாலு பருப்பு எண்ணிப் போட்ட வீட்டுல இப்ப பிரியாணிக்கு கைப்பிடியா அள்ளிப் போடறாங்க. அது தோல்வி இல்லையே. ஏற்றுமதி ரேங்க் ஒண்ணை மட்டும் பார்த்து அழக்கூடாதுன்னு சொல்றது இதுக்குத்தான்.

அப்ப தொழிலைக் காப்பாத்த வெளிநாட்டு சாமானைத் தடுக்கவே கூடாதான்னு பையன் கேட்டான். நல்ல கேள்வி. தடுத்து ஜெயிச்ச நாடும் இருக்கு, தடுத்து நாசமானதும் இருக்கு. இதுக்கு காரை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல. நம்ம அம்பாசிடர் 1950கள் கடைசியில வந்துச்சு. வெளிநாட்டுக் கார் உள்ள வர முடியாது, புதுசா எவனும் கார் கம்பெனி ஆரம்பிக்கவும் லைசன்ஸ் கிடைக்காது, புக் பண்ணிட்டு வருஷக்கணக்கா காத்திருந்தாங்க ஜனங்க. கம்பெனிக்கு என்ன அவசரம், காரை மாத்தவே இல்ல, விளக்கு கொஞ்சம் மாறும் கிரில் கொஞ்சம் மாறும் அவ்ளோதான். 2014ல உற்பத்தி நின்னு போச்சு. அதே நேரம் தென் கொரியாவைப் பாருங்க. ஹூண்டாய் மோட்டார் ஆரம்பிச்சதே 1967ல, அம்பாசிடருக்கு தம்பி. அவங்களும் வெளிநாட்டுக் காரை உள்ள விடல, அவங்களும் சலுகைக் கடன் கொடுத்தாங்க. ஆனா ஒரு கண்டிஷன், வெளிநாட்டுல வித்துக் காட்டணும். அப்ப அதிபரா இருந்த பார்க் சுங் ஹீ மாசா மாசம் ஏற்றுமதிக் கூட்டம் போட்டு தானே உக்காந்து யாரு எவ்ளோ வித்தான்னு கேப்பாராம், விக்காதவனுக்கு சலுகை குறையும். 1964ல கொரியாவோட மொத்த ஏற்றுமதி 10 கோடி டாலரைத் தொட்டதையே ஒரு விழாவா கொண்டாடினாங்க, 1977ல அது 1,000 கோடி டாலர். ஹூண்டாய் 1975ல போனின்னு சொந்தக் கார் செஞ்சு மறு வருஷமே ஈக்வடாருக்கு அனுப்பினாங்க. கடைசியில அந்தக் கம்பெனியே நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வந்து 1998ல சாண்ட்ரோ வித்துச்சு. அண்ணன் வீட்டு வாசல்லயே தம்பி கடை போட்ட மாதிரி.

ரெண்டு பேருமே வேலி போட்டாங்க. ஒருத்தன் வேலிக்குள்ள கன்னுக்குட்டியை ஓடவிட்டுப் பழக்கினான், ஒருத்தன் கட்டி வச்சு தீனி போட்டான். (பார்க் சுங் ஹீ ராணுவப் புரட்சியில வந்த சர்வாதிகாரி, எதிர்த்தவங்களை ஜெயில்ல போட்டவர், அதையும் சேர்த்தே சொல்லணும், ஏற்றுமதி நல்லா வரணும்னா சர்வாதிகாரி வேணும்னு சிலர் டீக்கடையில ஆரம்பிச்சிடுவாங்க. சர்வாதிகாரி இருந்தும் நாசமாப் போன நாடுங்க லிஸ்ட் ரொம்ப நீளம்.)

அடுத்தது ரூபா மதிப்பு. டாலருக்கு எத்தனை ரூபாங்கிறது நம்ம சரக்கோட விலைச் சீட்டு மாதிரி. ரூபா இறங்கினா வெளிநாட்டுக்காரனுக்கு நம்ம பருப்பு சல்லிசா தெரியும், எங்க முதலாளி முகத்துல கொஞ்சம் சிரிப்பு வரும், ஆனா அதே வாரம் ஆப்பிரிக்கா கொட்டைக்கு டாலர்ல பணம் கட்டும்போது அந்த சிரிப்பு போயிடும். 1991ல இந்தியா கையில இருந்த அந்நியச் செலாவணி ரெண்டு மூணு வாரத்து இறக்குமதிக்குத்தான் காணும்ங்கிற நிலைமை. ஜூலை மாசம் ரெண்டே நாள் இடைவெளியில ரெண்டு தவணையா ரூபா மதிப்பைக் குறைச்சாங்க, மொத்தம் இருபது சதவீதத்துக்கு கிட்ட. ரிசர்வ் பேங்க் சுமார் 47 டன் தங்கத்தை வெளிநாட்டுல அடகு வச்சுச்சு. பொண்ணு கல்யாணத்துக்கு வச்ச நகையை எடுத்துட்டுப் போய் சேட்டு கடையில வைக்கிற மாதிரிதான். நரசிம்ம ராவ் பிரதமர், மன்மோகன் சிங் நிதியமைச்சர்.

ஆனா அவங்க ரூபாயைக் குறைச்சதோட நின்னிருந்தா அது வெறும் முள்ளோடை வைத்தியம்தான், ரெண்டு வருஷத்துல விலைவாசி ஏறி பழைய இடத்துக்கே வந்திருக்கும். ஜூலை 24ஆம் தேதி ஒரே நாள்ல பட்ஜெட்டும் புது தொழில் கொள்கையும் வந்துச்சு, பெரும்பாலான தொழிலுக்கு லைசன்ஸ் வேணாம்னு ஆச்சு, 300 சதவீதத்துக்கு மேல இருந்த உச்சபட்ச சுங்க வரியை 150க்கு இறக்கினாங்க, அப்புறம் ஒவ்வொரு வருஷமா கீழ. மதிப்புக் குறைப்பு மூச்சு விட நேரம் வாங்கிக் கொடுத்துச்சு, அந்த நேரத்துல வேலையைப் பார்த்தாங்க. பெரும்பான்மை கூட இல்லாத அரசாங்கம் அது, இருந்தும் செஞ்சாங்கன்னு நினைச்சா எனக்கு இப்பவும் ஆச்சரியமாத்தான் இருக்கு. கஷ்டம் வந்தப்பதான் நம்மாளுங்க சீர்திருத்தம் பண்றாங்க, நல்லா இருக்கும்போது யாருக்கும் அந்த எண்ணமே வர்றதில்ல, இது என் வருத்தம்.

சிங்கப்பூர் இதுல வேற மாதிரி. 1985ல அங்க மந்தம் வந்துச்சு, கூலி வேகமா ஏறிப் போனது ஒரு காரணம். அவங்க நாணயத்தைத் தூக்கிக் கீழ போடல. 1986ல முதலாளிங்க தொழிலாளியோட சேமநிதிக்குக் கட்டற பங்கை 25 சதவீதத்துல இருந்து 10 சதவீதமா குறைச்சாங்க, நம்ம ஊரு பி.எஃப். மாதிரி அது. அதாவது எல்லாத் தொழிலாளிக்கும் ஒரே நேரத்துல ஒரு வெட்டு. இதை நம்ம ஊருல ஒரு தலைவர் சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. அங்க ஜனங்க ஏத்துக்கிட்டாங்கன்னா, அதுக்கு முன்னாடி இருபது வருஷமா லீ குவான் யூ அரசாங்கம் வீடு கட்டிக் கொடுத்திருந்துச்சு, யூனியனையும் அரசாங்கத்தையும் முதலாளியையும் ஒரே மேஜையில உக்கார வச்சிருந்துச்சு, நல்லா ஆனதும் திரும்ப ஏத்துவோம்னு சொன்னா நம்புற அளவுக்குப் பேரு வாங்கியிருந்துச்சு. அப்புறம் ஏத்தவும் செஞ்சாங்க. எதிர்க்கட்சிக்கு அங்க பெருசா இடம் கொடுக்கலங்கிறதும் உண்மை.

நம்பிக்கைன்னதும் இலங்கை ஞாபகம் வருது. நம்ம கடற்கரையில இருந்து ரொம்ப தூரமில்லாத நாடு. 2019 கடைசியில கோத்தபய ராஜபக்சே வந்ததும் 15 சதவீத வாட் வரியை 8 ஆக்கினார், ஜனங்க கைதட்டினாங்க, கஜானா காலி. 2021ல ரசாயன உரம் இறக்குமதிக்கு திடீர்னு தடை, நாளையில இருந்து எல்லாம் இயற்கை விவசாயம்னு. இயற்கை விவசாயம் நல்லதுதான், ஆனா அதுக்குப் பத்து வருஷம் மண்ணைத் தயார் பண்ணணும், ராத்திரியோட ராத்திரியா உத்தரவு போட்டா நெல்லும் தேயிலையும் கேக்குமா? ஏற்றுமதி பண்ற தேயிலையே அடி வாங்குச்சு. ஆறேழு மாசத்துல தடையை வாபஸ் வாங்கினாங்க, 2022 ஏப்ரல்ல வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியலன்னு அறிவிச்சிட்டாங்க. ஒரு தலைவர் நாட்டோட போட்டித்திறனை ஏத்தறதுக்கு இருபது வருஷம் ஆகும், இறக்க ரெண்டு வருஷம் போதும்.

ரோடு, துறைமுகம், கரண்ட் பத்தி சுருக்கமா சொல்லிடறேன், இது எல்லாருக்கும் தெரிஞ்சது. பரங்கிப்பேட்டை, கிள்ளை பக்கம் வனாமி இறால் வளர்க்கிறாங்க. பிடிச்ச உடனே ஐஸ்ல போட்டு கம்பெனிக்குப் போய் உறைய வச்சு கண்டெய்னர்ல ஏறணும். ரோட்டுல ஒரு நாள், துறைமுகத்துல ரெண்டு நாள், பேப்பர் சரியில்லன்னு ஒரு நாள்னு நின்னா அத்தனை நேரமும் ஃப்ரீசர் ஓடணும், அந்த டீசல் காசு இறால் விலையிலதான் ஏறும். உலக வங்கி 2023ல போட்ட சரக்குப் போக்குவரத்துப் பட்டியல்ல இந்தியா 139 நாட்டுல 38ஆவது இடம், சிங்கப்பூர் முதலிடம். 2018ல நாம 44. ஏறியிருக்கோம், ஆனா இன்னும் ஏறணும். 2017ல ஜிஎஸ்டி வந்தப்ப மாநில எல்லையில லாரி நிக்கிற வரி செக்போஸ்ட் போச்சு பாருங்க, எங்க டிரைவர் அண்ணனைக் கேட்டா ஜிஎஸ்டியில அவருக்குப் பிடிச்சது அது ஒண்ணுதான்னு சொல்வார்.

இறால்ல இன்னொரு விஷயம் இருக்கு, விலையை விட பெரிசு. ஆன்டிபயாடிக் மருந்து மிச்சம் துளி இருந்தாலும் ஐரோப்பாவுலயும் ஜப்பான்லயும் கண்டெய்னரையே திருப்பிடுவாங்க. ஒரு பண்ணைக்காரன் செஞ்ச தப்பு, நாட்டுப் பேருல போய் உக்காரும். அதனால பரிசோதனைக் கூடம் ஒழுங்கா நடக்கிறதும், தப்பு பண்ணவனைப் பிடிக்கிறதும் தொழிலுக்கு எதிரான வேலை கிடையாது, தொழிலைக் காப்பாத்தற வேலை. இதே கதைதான் புகைக்கும் கழிவுத் தண்ணிக்கும். கழிவை ஆத்துல விட்டு உற்பத்திச் செலவைக் குறைக்கிறது போட்டித்திறன்னு நினைக்கிற ஆளுங்க இருக்காங்க, அந்தச் செலவு எங்கயும் போகல, ஆத்தோரம் இருக்கிறவன் ஆஸ்பத்திரி பில்லுக்கு மாறியிருக்கு. போதாததுக்கு, ஐரோப்பா 2026 ஜனவரியில இருந்து இரும்பு, சிமெண்ட், அலுமினியம் மாதிரி சரக்குக்கு, செய்யும்போது எவ்ளோ கரியமில வாயு விட்டேன்னு கணக்கு கேட்டு அதுக்கும் காசு வாங்கப் போறோம்னு சட்டமே போட்டிருக்கு. புகை விட்டு மிச்சம் பிடிச்ச காசை அங்க கட்டணும்.

ஒரே வாடிக்கையாளரை நம்பினா என்ன ஆகும்னு 2025 ஆகஸ்ட்ல பார்த்தோம். இந்திய இறாலுக்குப் பெரிய மார்க்கெட் அமெரிக்கா. அங்க நம்ம சரக்குக்கு 50 சதவீத வரின்னு ஏத்தினப்ப, போட்டியாளர் ஈக்வடாருக்கு 15 சதவீதம்தான். இறால் ருசியில எந்த மாத்தமும் இல்ல, பண்ணைக்காரன் எந்தத் தப்பும் பண்ணல, ஆனா குளத்துல நிக்கிற இறாலுக்கு விலை விழுந்துச்சு, திருப்பூர்லயும் ஆர்டர் நின்னுச்சு. இதுல தலைவர் என்ன பண்ண முடியும்? அந்த வாரத்துல ஒண்ணும் பெருசா பண்ண முடியாது. அஞ்சு வருஷம் முன்னாடியே நாலு கதவைத் திறந்து வச்சிருக்கணும். 2025 ஜூலையில பிரிட்டனோட ஒப்பந்தம் போட்டது அந்த மாதிரி ஒரு கதவு.

இத்தனையும் சொல்லிட்டு முக்கியமானதைக் கடைசியில வைக்கிறேன், ஏன்னா அரசியல்வாதிங்களும் கடைசியிலதான் வைக்கிறாங்க. படிப்பு. காமராஜர் 1956ல மதிய உணவு ஆரம்பிச்சப்ப எந்த ஏற்றுமதிக் கணக்கும் போடல, புள்ளைங்க பசியோட வரக்கூடாதுன்னு நினைச்சார், அவ்ளோதான். அந்தப் புள்ளைங்களோட பேரப்புள்ளைங்க, அதுவும் பொண்ணுங்க, இன்னைக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போன் தயாரிக்கிற கம்பெனியில ஷிப்ட் பார்க்கிறாங்க, எலக்ட்ரானிக்ஸ் ஏற்றுமதியில தமிழ்நாடு நாட்டுலயே முதல் இடத்துல நிக்குது. எங்க ஊருப் பக்கத்துல இருந்தே பஸ் போட்டு ஆளு எடுத்துட்டுப் போறாங்க. அறுபது எழுபது வருஷம் கழிச்சுப் பலன் தர்ற செலவை எந்தத் தலைவர் செய்வார்? அடுத்த தேர்தல் அஞ்சு வருஷத்துல. ஆராய்ச்சியும் அதே ரகம், இந்தியா தன் மொத்த உள்நாட்டு உற்பத்தி மதிப்புல (ஜிடிபின்னு சொல்றது) 0.64 சதவீதம்தான் ஆராய்ச்சிக்குச் செலவு பண்ணுது, கொரியா 5 சதவீதத்துக்குப் பக்கம். முந்திரி மெஷினை நாம வியட்நாம்ல இருந்து வாங்கறோமேன்னு கேக்கிறவங்களுக்கு இந்த ரெண்டு நம்பர்ல பதில் இருக்கு.

பையன் எல்லாத்தையும் நோட்ல எழுதிக்கிட்டான். அப்புறம் பரீட்சையில வராத கேள்வி ஒண்ணு கேட்டான், "மெஷின் வந்தா அத்தைப் பாட்டிக்கு என்ன வேலை மாமா?"

இதுக்கு எந்தப் புஸ்தகத்துலயும் எனக்கு திருப்தியா பதில் கிடைக்கல. 2011 டிசம்பர் 30 தானே புயல்ல பண்ருட்டி பக்கம் முந்திரித் தோப்பும் பலாத் தோப்பும் வேரோட சாஞ்சப்ப நிவாரணம் கொடுத்தாங்க, மரம் கண்ணுக்குத் தெரியுது, எத்தனை விழுந்துச்சுன்னு எண்ணலாம். மெஷின் வந்து போன வேலையை யாரு எண்றாங்க? ஒரு தலைவர் போட்டிக்குக் கதவைத் திறக்கிறார்னா, அதுல அடிபடற ஆளுக்கு வேற வேலை கத்துக் கொடுக்கிற செலவையும் அதே பட்ஜெட்ல வைக்கணும், இல்லன்னா அடுத்த தடவை கதவைத் திறக்கவே ஜனங்க விட மாட்டாங்க, அதுல தப்பும் சொல்ல முடியாது.

அத்தைகிட்டயே நேர்ல கேட்டேன், போன ஞாயித்துக்கிழமை. "இன்னாடா பண்றது, எனக்கு அறுபது ஆகப் போவுது, இனிமே நான் இன்னா கத்துக்கப் போறேன், அவ கத்துக்கட்டும்"னு மருமகளைக் காட்டினாங்க. மருமக இப்ப ஒரு பெரிய யூனிட்ல கலர் பிரிக்கிற மெஷின்கிட்ட நிக்கிறா, மாசச் சம்பளம், பி.எஃப். பிடிக்கிறாங்களாம், கையில சாம்பல் தடவ வேண்டியதில்ல. அந்த மெஷின் ஓட்ட மூணு வாரம்தான் பழகினாளாம், ப்ளஸ் டூ வரைக்கும் படிச்சிருந்ததால ஸ்க்ரீன்ல வர்றதைப் படிக்க முடிஞ்சுதுன்னா. நான் கெளம்பும்போது அத்தை திண்ணையில கால் மிதி மெஷின் முன்னாடி உக்காந்து விளக்கெண்ணெய் கிண்ணத்தைப் பக்கத்துல இழுத்துக்கிட்டாங்க, அன்னைக்கு மூட்டையில இன்னும் பாதி இருந்துச்சு.